அணை உடைந்தது என்னும் செய்தி: 1961 முதல் இரட்டை அம்புக்குறி வரை

மழைக்காலம் தொடங்குமுன் எழுதிவிட வேண்டும் என்று எண்ணியிருந்த பதிவு இது. சற்றே நீளமானது. வரலாற்றில் தொடங்கிக் கைப்பேசியில் முடிகிறது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். இறுதியில் ஐந்து நிமிடத்தில் செய்துகொள்ளக்கூடிய சில காரியங்களும் உள்ளன.

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். கடக்வாஸ்லா அணைக்குக் கீழ்ப்புறம், சிம்ஹகட் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் வாழ்கிறேன். ஒரு ஜூலை இரவு, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, வாட்ஸாப்பில் ஒரு காணொளி வந்தது. மதகுகளிலிருந்து செம்மண் நிறத்தில் நீர் சீறிப் பாய்கிறது. கீழே மராத்தியில் ஒரே வரி: 'தரண் ஃபுட்லே' – அணை உடைந்துவிட்டது. அரைத் தூக்கத்தில் அதனைக் குடியிருப்போர் குழுவுக்கும் தமிழ் நண்பர்கள் குழுவுக்கும் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். அது எங்கள் அணையே அன்று என்பது காலையில்தான் தெரிந்தது. செய்தி தொடர்பின் வரலாற்றை ஆய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் செய்த காரியம் இது.

காலையில் கீழே இறங்கும்போது, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் தரைத்தளத்து ஆஜி உட்கார்ந்திருந்தார். எழுபது கடந்தவர். மடியில் ஒரு துணிப்பை. அதனுள் பத்திரங்களும் மாத்திரைகளும் ஒரு புடவையும். இரவு ஒரு மணிக்குப் பேரன் என் செய்தியைப் படித்துக் காட்டியதும் மாடியேறியவர், விடியும்வரை அங்கேயே இருந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபிக்கவில்லை. "பாளா, அன்றைக்கு எங்களுக்கு யாரும் நேரத்தில் சொல்லவில்லை. அதனால் இன்றைக்கு யார் சொன்னாலும் நான் எழுந்துவிடுவேன்" என்றார்.

'அன்றைக்கு' என்று அவர் குறிப்பிட்டது 1961 ஜூலை 12, புதன்கிழமை. அப்போது அவருக்கு எட்டு வயது. வீடு ஆற்றங்கரையை அடுத்த நாராயண் பேட்டையில்.

அந்நாளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லாவில் கல்லணை ஒன்று 1879இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனை உருவாக்கிய பொறியாளரின் பெயரால் ஆங்கிலேயர் அந்நீர்த்தேக்கத்தை ஃபைஃப் ஏரி என்றழைத்தனர். புனே நகரின் குடிநீருக்கு அதுவே ஆதாரம். விடுதலைக்குப் பின், முட்டாவின் கிளையாறான அம்பியில் பான்ஷெத் என்னுமிடத்தில் மண்ணணை ஒன்று எழுப்பப்பட்டது. 1961 பருவமழை வந்தபோது அவ்வணையின் வேலைகள் முழுமை பெற்றிருக்கவில்லை. நீர் வெளியேற்றும் கால்வாய்க் கட்டுமானமும் அதன் கதவமைப்பும் அரைகுறையாக இருந்த நிலையிலேயே நீர் தேக்கப்பட்டது. கனமழையில் நீர்மட்டம் மளமளவென உயர, அணையின் மேற்பகுதி தாழத் தொடங்கியது. இராணுவ வீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டைகளை அடுக்கினர். ஆயினும் 12ஆம் தேதி காலை ஏழு மணியளவில் பான்ஷெத் உடைந்தது.

அந்த வெள்ளம் நேராக நகருக்குள் வரவில்லை. இடையில் கடக்வாஸ்லா இருந்தது. எண்பது ஆண்டுகளைக் கடந்த அந்தக் கல்லணை, தன் கொள்ளளவைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கிச் சில மணி நேரம் நின்றது. பின்னர் அதுவும் உடைந்தது. அன்று பகலிலேயே புனேயின் ஆற்றங்கரைப் பேட்டைகள் மூழ்கின. ஆயிரம் பேர் வரை மாண்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. வீடிழந்தோருக்காகப் பின்னர் உருவான குடியிருப்புகளுள் ஒன்றே இன்றைய கோகலே நகர். நீர்த்தேக்கம் வற்றியதால் வெள்ளம் வடிந்த ஊரில் குடிக்க நீரில்லை; பழைய கிணறுகளையும், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நானாசாகேப் பேஷ்வா காலத்தில் அமைந்த காத்ரஜ் நீர்வழியையும் மக்கள் நாட நேர்ந்தது.

இந்த வரலாற்றில் என் கவனத்தை ஈர்ப்பது அந்தச் சில மணி நேரம்தான். பழைய அணை தன்னைக் கொடுத்து வாங்கித் தந்த அவகாசம் அது. கேட்டு, நம்பி, மேடேறியவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டனர். செய்தி வந்து சேராதவர்களுக்கும் வந்த செய்தியை நம்பாதவர்களுக்கும் அது வீணாயிற்று. ஆஜியின் தந்தை இரண்டாம் வகை. தெருவில் கத்திக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்து, "வெறும் வதந்தி" என்றாராம். வாசற்படியில் நீர் தெரிந்த பிறகே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பர்வதிக் குன்றை நோக்கி ஓடியிருக்கிறார்.

ஆக, எச்சரிக்கை இருவகையில் தோற்கிறது. வராமல் தோற்பது ஒன்று. நம்பப்படாமல் தோற்பது மற்றொன்று. கைப்பேசி முதற்குறையை ஏறத்தாழ நீக்கிவிட்டது, இரண்டாவதை வளர்த்துவிட்டது. பொய்யாக ஒருமுறை எழுப்பப்பட்டவர் அடுத்தமுறை மெய்யாக அழைக்கும்போது எழாமல் போகலாம். அன்றிரவு என் ஒற்றை விரலசைவு செய்த தீங்கு ஆஜியின் தூக்கத்தைக் கெடுத்தது மட்டுமன்று. எங்கள் குழுவில் அடுத்து வரப்போகும் உண்மையான எச்சரிக்கையின் மதிப்பையும் குறைத்தது.

பழைய எச்சரிக்கை முறைகளை எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களில் தண்டோரா போடுவார்கள். மராட்டியத்தில் அதற்குத் தவண்டி என்று பெயர். பறையறைந்து சொல்பவர் யாருடைய ஆணை என்பதைச் சொல்வார். எந்த நாள், எந்த வேளை என்பதைச் சொல்வார். (அவ்வேலை ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்டிருந்த இழிவையும் மறந்துவிடலாகாது, தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் அவ்வழக்கத்துக்கு அரசு தடைவிதித்தது.) துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ மூன்றாம் எண் கூண்டு என்றால் மீனவருக்கு ஒரு பொருள். பத்தாம் எண் என்றால் வேறு பொருள். 2013 ஜூலையில் விடைபெற்ற தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் தலைப்பிலேயே புறப்பட்ட அலுவலகமும் நேரமும் இருக்கும்.

இம்மூன்று முறைகளையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல எச்சரிக்கைக்குரிய மூன்று கேள்விகள் கிடைக்கின்றன: யார் சொன்னது? எப்போது சொன்னது? எவ்வளவு என்று சொன்னது? நாம் 'ஃபார்வர்டு' செய்யும் செய்தியில் பெரும்பாலும் இம்மூன்றும் உதிர்ந்துபோகின்றன. அச்சம் மட்டும் முழுமையாகப் பயணம் செய்கிறது. உதிர்ந்ததை மீட்பதே கைப்பேசி வைத்திருப்பவரின் கடமை என்பதே இப்பதிவில் நான் சொல்ல விரும்பும் ஒரே கருத்து.

'யார்' என்னும் கேள்விக்கு இரத்தம் தோய்ந்த ஒரு வரலாறு உண்டு. 2018இல் குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாக நாடெங்கும் செய்திகள் பரவின. அவற்றுள் ஒரு காணொளி, குழந்தைப் பாதுகாப்பு பற்றிய விழிப்புணர்வுக்காகக் கராச்சியில் எடுக்கப்பட்ட படம். குழந்தையைத் தூக்கிச் செல்பவர் இறுதியில் திரும்ப விட்டுவிட்டு அறிவிப்புப் பலகையை உயர்த்திக் காட்டுவார். அந்த இறுதிக் காட்சியை வெட்டிவிட்டே அது இங்கே பரப்பப்பட்டது. அவ்வாண்டு மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று, இதே மராட்டிய மாநிலத்தின் துளே மாவட்டத்தில், ரயின்பாடா என்னும் சிற்றூரில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்டனர்.

அதன் பிறகே நம் கைப்பேசிகளில் சில சிறு மாற்றங்கள் தோன்றின. அதே ஜூலையில் 'ஃபார்வர்டட்' என்னும் குறிப்பு வந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வந்தது. 2019இல் இரட்டை அம்புக்குறி வந்தது. ஒரு செய்தி தொடக்க இடத்திலிருந்து ஐந்து கை அல்லது அதற்கு மேலும் மாறி வந்திருக்கிறது என்பது அதன் பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்த அம்புகளை நாம் அலங்காரமாகக் கடந்துவிடுகிறோம். 'இதை எழுதியவரை உனக்கு இதை அனுப்பியவருக்கும் தெரியாது' என்பதே அவை சொல்வது. அன்றிரவு எனக்கு வந்த காணொளியிலும் அவை இருந்தன.

'எப்போது' என்னும் கேள்விக்குச் சென்னைவாசிகளே சாட்சி. 2015 பெருமழையின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகவும், 250 சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று நாசா சொல்லிவிட்டதாகவும் செய்திகள் வந்தன. இரண்டும் பொய். ஆனால் அதே நாள்களில்தான், டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றில் பாய்ந்தது. பொய்ச் செய்தி நிரம்பிய பெட்டிக்குள் மெய்ச் செய்தியைத் தேட வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது முல்லைப்பெரியாறு உடைந்துவிட்டதாகக் குரற்பதிவு பரவியது. அணை உறுதியாகவே நின்றது. வெள்ளப் படங்களுக்கு முதுமையில்லை. ஓர் ஆண்டு எடுத்த படம் அடுத்த மழையில் வேறோர் ஊரின் பெயரைப் பூண்டு வரும். படத்தை அழுத்திப் பிடித்துக் கூகுள் லென்ஸில் தேடினால், அது முன்பு எங்கெல்லாம் வெளிவந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். காணொளி என்றால் ஒரு காட்சியை நிறுத்தித் திரைப்படி எடுத்துத் தேடலாம். நான் மறுநாள் காலையில் செய்தது அதைத்தான். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

'எவ்வளவு' என்னும் கேள்வியே அணைக்குக் கீழே வாழ்வோர்க்கு உயிர்நாடி. இன்று கடக்வாஸ்லாவுக்கு மேலே பான்ஷெத், வரஸ்காவ், தேம்கர் ஆகிய மூன்று அணைகள் உள்ளன. நான்கின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 29 டிஎம்சி. அதில் மறுகட்டுமானம் பெற்று நிற்கும் கடக்வாஸ்லாவின் பங்கு 1.97 டிஎம்சி மட்டுமே. மேலுள்ள அணைகளின் நீர் கீழே வர வேண்டுமானால் இந்தச் சிறு பாத்திரத்தின் வழியாகத்தான் வர வேண்டும். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒருநாள் முழுதும் திறந்தால் ஒரு டிஎம்சி வெளியேறும். 35,000 கன அடி வீதம் திறந்தால், மேலிருந்து வரத்து இல்லாத பட்சத்தில் நிறைந்த கடக்வாஸ்லா பதினாறு மணி நேரத்தில் காலியாகிவிடும். எனவே மழைக்காலத்தில் இவ்வணையில் மதகு திறப்பது வழக்கமான நிகழ்வு. 'திறந்தது' என்பது வேறு. 'உடைந்தது' என்பது வேறு. மராத்தியில் 'பாணீ சோட்லே' என்றால் நீர் விடப்பட்டது. 'ஃபுட்லே' என்றால் உடைந்தது. ஒரு சொல் மாறினால் ஓர் ஊரே படிக்கட்டில் உட்கார நேரும்.

ஆனால் 'வழக்கமானதுதானே' என்று எண்ணுவதும் ஆபத்து. 2024 ஜூலை 25 விடியலில் திறப்பு 35,000 கன அடியைத் தாண்டியபோது, சிம்ஹகட் சாலைப் பகுதியின் ஏக்தா நகரி வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. உரிய நேரத்தில் எச்சரிக்கப்படவில்லை என்பது அங்கு வாழ்வோரின் குறை. அவ்விரவில் பயன்பட்டிருக்கக்கூடிய செய்தி, 'அணை உடைந்தது' என்பதன்று. எத்தனை கன அடி, எத்தனை மணி முதல் என்பதே.

இனி, கைப்பேசியில் செய்துகொள்ள வேண்டியவை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அவசரகால எச்சரிக்கை. 2023இல் ஒரு நாள் நம் கைப்பேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் அந்தச் சோதனை அக்டோபர் 20 அன்று நடந்தது. அது குறுஞ்செய்தி அன்று. கோபுரத்திலிருந்து அதன் எல்லைக்குள் இருக்கும் கருவிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகும் முறை. அதற்கு இணையம் வேண்டாம்; உங்கள் எண் யாருக்கும் தெரிய வேண்டாம்; தனிச் செயலியும் வேண்டாம். கைப்பேசிகளுக்குப் போடப்படும் தண்டோரா என்று சொல்லலாம். அன்று அஞ்சி அதனை அணைத்து வைத்தவர்கள் பலர். ஆண்ட்ராய்டு கருவியில் செட்டிங்ஸ் தேடற்பெட்டியில் 'எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்று தேடுங்கள். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் இறுதிவரை செல்லுங்கள். அணைந்திருந்தால் இயக்கிவையுங்கள். வீட்டு முதியோரின் கருவியிலும் பாருங்கள்.

இரண்டாவது, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சச்சேத்' செயலி. நீங்கள் இருக்கும் இடத்துக்குரிய எச்சரிக்கைகள் வெளியிட்ட துறையின் பெயரோடும் நேரத்தோடும் அதில் வரும். ஐயம் எழும்போது சரிபார்க்க உரிய இடங்களுள் அதுவும் ஒன்று.

மூன்றாவது, வலையமைப்பு இல்லாத நேரத்துக்கான ஏற்பாடு. உங்கள் பகுதியின் வரைபடத்தைக் கூகுள் மேப்ஸில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அழைப்பு இணையாதபோதும் குறுஞ்செய்தி சென்று சேரக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நான்கைந்து முக்கிய எண்களையும் அவசர உதவிக்கான 112 என்னும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பைக்குள் வையுங்கள். நீர்த்தேக்கம் வற்றியபோது 1961இல் புனே பழைய காத்ரஜ் நீர்வழிக்குத் திரும்பியது. புதியது தவறும்போது கைகொடுக்கப் பழையது ஒன்று இருக்க வேண்டும்.

நான்காவது, நீங்களே எச்சரிக்கை அனுப்ப நேர்ந்தால் அதனைத் தந்திபோல் எழுதுங்கள். நாள், நேரம், இடம், அளவு, சொன்ன துறை ஆகிய ஐந்தும் செய்திக்குள்ளேயே இருக்கட்டும். 'இன்று', 'சற்றுமுன்' என்னும் சொற்களைத் தவிருங்கள். அச்செய்தி நாளையும் படிக்கப்படும், அடுத்த ஆண்டும் படிக்கப்படும். சொல்லியாக வேண்டிய ஐந்தில் ஒன்று தெரியவில்லையென்றால், அதனைக் கண்டுபிடித்த பிறகு அனுப்புங்கள். நீரையே கண்ணால் கண்டீர்களென்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 'நான் இன்ன இடத்தில் இத்தனை மணிக்குக் கண்டேன்' என்று எழுதினால் 'யார்', 'எப்போது' இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஐந்தாவது, தவறு செய்துவிட்டால் திருத்துவது. வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தியை அனைவருக்குமாக அழிக்க ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் உண்டு. ஆயினும் பிறர் மேலே அனுப்பிவிட்ட படிகள் அழியா. ஆகவே அழிப்பதோடு நிறுத்தாமல், அனுப்பிய ஒவ்வொரு குழுவிலும் 'நான் அனுப்பியது தவறு, உண்மை இது' என்று எழுத வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

அன்று மாலை ஆஜியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். அவசரகால எச்சரிக்கை அணைக்கப்பட்டிருந்தது. சோதனை நாளன்று அலறிய ஒலியில் பயந்துபோய்ப் பேரன் அணைத்துவிட்டானாம். இயக்கி வைத்தேன். "இது அலறினால் எழுந்துகொள்ளுங்கள், ஆஜி. வேறு யார் எதை அனுப்பினாலும் முதலில் என்னைக் கூப்பிடுங்கள், சரிபார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். "நீ அனுப்பினால்?" என்று கேட்டார்.

அதற்கு விடை சொல்லும் தகுதியை இனிமேல்தான் நான் ஈட்ட வேண்டும். பையை மட்டும் அவர் பிரிக்கவில்லை. கதவருகே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். அதுவும் நல்ல பழக்கமே என்று தோன்றுகிறது.

கடக்வாஸ்லா, புனே